டிக் அடித்தால் வீடு ஆகிவிடுமா?



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியவர்கள். இன்று இரண்டுக்குமே செல்போனில் தளம் வந்துவிட்டது! 2005-ல் 99ஏக்கர்ஸ், 2006-ல் மேஜிக்பிரிக்ஸ் என்று தொடங்கி, இன்று மனை, வீடு, கடை எல்லாம் விரல் நுனியில். புரோக்கர் பின்னால் வெயிலில் அலைய வேண்டியதில்லை. பத்து ஏரியா விலையைப் பத்து நிமிஷத்தில் ஒப்பிடலாம். இந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் படத்தைப் பார்த்ததோடு நம் வேலை முடிந்தது என்று நினைத்தால், அங்கேதான் மோசம் போகிறோம். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்க வீட்டுப் பணம் ஐம்பதாயிரம் போகப் பார்த்தது, அதனால் சொல்கிறேன்.

எங்க அப்பா கொத்தனார். முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர்; நாங்கள் இருப்பது வாடகை வீடு. போன வருஷம் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், மதுரைக்கு வெளியே ஒரு மனை பார்க்கச் சொன்னார். நான்தான் போனில் தேடினேன். இரண்டு சென்ட், அதாவது 871 சதுர அடி. அழகான படம். பக்கத்திலேயே 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை டிக். கீழே, "பஞ்சாயத்து அப்ரூவல், கிளியர் டைட்டில், உடனடிப் பதிவு." அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் விலையைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. "நீ பாத்துட்டியாப்பா? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த வார்த்தையின் கனம் அன்று எனக்குத் தெரியவில்லை.

அட்வான்ஸ் பணத்தோடு இடத்தைப் பார்க்கப் போனோம். விற்பவர் பேசிக்கொண்டே இருந்தார். அப்பா மனையைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் உயரத்தில் கோடு போட்ட மாதிரி ஒரு கறை. "இது தண்ணி நின்ன கறைடா. ஒருநாள் மழைக்கு இப்படி உப்புப் பூக்காது" என்றார் மெதுவாக. அந்த வீட்டு அம்மாவிடம் விசாரித்தார். "ஐப்பசி, கார்த்திகைல கண்மாய்த் தண்ணி இந்தப் பக்கந்தான்ணே போகும்" என்றார் அவர். தளத்தில் இருந்தது கோடையில் எடுத்த படம்! பணத்தைக் கொடுக்காமல் திரும்பினோம். மறுநாள் எங்கள் சர்வே வாத்தியார் உதவியோடு அந்தச் சர்வே எண்ணின் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தேன். மனையின் பின்பாதி ஓடைப் புறம்போக்கு.

அப்படியானால் அந்தப் பச்சை டிக் எதற்கு? பெரும்பாலும் விளம்பரம் கொடுத்தவரின் போன் நம்பர் உண்மை, படம் உண்மை என்ற அளவோடு அது நின்றுவிடுகிறது. நிலம் அவருடையதுதானா என்பதற்கு அது சாட்சி இல்லை. இந்தத் தளங்களின் விதிமுறைப் பக்கத்தைப் பொறுமையாகப் படியுங்கள். 'நாங்கள் இடையில் இருப்பவர்கள் மட்டுமே, விவரங்களுக்குப் பொறுப்பல்ல' என்ற பொருளில் எழுதியிருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 79-வது பிரிவும் இடைநிலையாளர்களுக்கு நிபந்தனைகளோடு பாதுகாப்பு தருகிறது. சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு விளம்பரப் பலகை. பலகையை நம்பி யாராவது பத்திரம் முடிப்பார்களா?

அந்த "பஞ்சாயத்து அப்ரூவல்" இருக்கிறதே, அதையும் பார்ப்போம். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டிடிசிபியின் அனுமதி வேண்டும்; சென்னைப் பெருநகர்ப் பகுதி என்றால் சிஎம்டிஏ. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டபோது, எத்தனை ஏழைக் குடும்பங்கள் கையில் பத்திரத்தோடு தவித்தன! 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்த பிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது.

"ரெரா சட்டம் இருக்கிறதே" என்பீர்கள். 2016-ல் வந்த நல்ல சட்டம்தான். விளம்பரத்தில் பதிவு எண் போட வேண்டும், சுவருக்குள் உள்ள கார்பெட் ஏரியாவைச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலமோ, எட்டு வீட்டுக்கு மிகாத கட்டடமோ என்றால் அந்தப் பதிவு தேவையில்லை. ஒருவர் தன் பழைய வீட்டை மறுவிற்பனை செய்தாலும் அப்படித்தான். நம்மைப் போன்றவர்கள் வாங்குவதோ பெரும்பாலும் அந்த மாதிரிச் சின்ன மனையும் பழைய வீடும்தான்!

விற்பவர் பாடு மட்டும் என்ன வாழ்கிறது? எங்க மாமா ஊரில் இருந்த ஓட்டு வீட்டை விற்க நம்பர் போட்டார். முதல் ஒரு மணி நேரத்தில் வந்த போன் எல்லாம் புரோக்கர்கள், அப்புறம் "லோன் வேணுமா சார்", "காசு கட்டினா உங்க விளம்பரம் மேல வரும் சார்." வாங்குகிற ஆள் ஒருத்தர்கூட இல்லை. கடைசியில் வாங்கியவர் எதிர் வீட்டுக்காரர். விஷயம் அவருக்குத் தெரிந்தது டீக்கடையில்!

விலையும் அப்படித்தான். தளத்தில் இருப்பது கேட்கிற விலை, படிந்த விலை அல்ல. பத்திரத்திலோ பல இடங்களில் வழிகாட்டி மதிப்பைத்தான் எழுதுகிறார்கள். உண்மை விலை இரண்டிலும் இல்லாதபோது கம்ப்யூட்டர் எதை வைத்துக் கணக்குப் போடும்? கணக்குகள் ஒழுங்காகக் கிடைக்கும் அமெரிக்காவிலேயே சில்லோ நிறுவனம், தன் கணிப்பை நம்பி 2018 முதல் தானே வீடுகளை வாங்கி விற்றது. விலையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்தது.

தோழர்களே, தளத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தேடுவதற்கு அது போதும், வாங்குவதற்குப் போதாது. பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கின்றன. அதிலும் எல்லாம் வந்துவிடாது. பதிவு செய்யாத உயில் வில்லங்கத்தில் தெரியாது. அதனால் மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை இடத்துக்குப் போங்கள். 2015 டிசம்பரில் வேளச்சேரியும் முடிச்சூரும் பட்ட பாட்டை மறக்க வேண்டாம். டேப்பைக் கையில் எடுங்கள். பக்கத்து வீட்டில் பேசுங்கள்.

நம்மில் பலர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். நாளைக்கு உங்க அப்பாவும் போனை நீட்டி, "நீ பாத்துட்டியா?" என்று கேட்பார். நீங்கள் 'பார்த்துட்டேன்' என்று சொல்வதுதான் அவருக்குப் பச்சை டிக்! அதை நாம் சும்மா போடலாமா? எங்க அப்பா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் சுவரைப் படித்தார். படித்த நான் காகிதத்தைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்தேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஆண்டில், எல்லாத் துறை மாணவர்களுக்கும் பட்டா, வில்லங்கம், புலப்படம் படிக்க ஒரு சனிக்கிழமை வகுப்பு வையுங்கள். சிவில் மாணவர்கள் நாங்கள் சொல்லித்தருகிறோம்.

எங்களுக்கு இன்னும் மனை அமையவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். இப்போது நான் போனில் பார்க்கிறேன், அப்பா சுவரைப் பார்க்கிறார்!

- இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு