இரைப்பைப் புற்றுநோயும் ஒரு வைரசும்

இரைப்பையில் புற்றுநோய் என்றதுமே நெஞ்சம் நடுங்குகிறது. "வைரஸ் சார்ந்தது" என்னும் சொல்லும் மருத்துவ அறிக்கையில் இருந்துவிட்டால், வீட்டார் நோயாளியின் தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கத் தொடங்குவர். நோயாளியின் மனத்தைப் புண்படுத்தும் இச்செயல் தேவைதானா?

இவ்வைரசின் பெயர் எப்ஸ்டீன்-பார். உகாண்டா நாட்டுக் குழந்தைகளின் தாடையில் தோன்றிய கட்டிகளை டெனிஸ் பர்க்கிட் என்னும் அறுவை மருத்துவர் ஆராய்ந்தார். அக்கட்டியின் உயிரணுக்களில் இவ்வைரசை அந்தோணி எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் அச்சோங் ஆகியோர் கண்டு, 1964-ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து அறிவித்தனர். வயது வந்தோருள் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டோர் உடலில் இது உள்ளது. பெரும்பாலும் இளமையிலேயே உமிழ்நீர் வழியே புகுந்து, வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. மிகப் பலருக்குத் தீங்கு செய்வதில்லை. ஆகவே தட்டை ஒதுக்குவதால் பயன் இல்லை. புற்றுநோயோ, உடன் உண்பதால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதே இல்லை.

இரைப்பைப் புற்றுநோயாளர் நூற்றுவருள் ஏறத்தாழ 9 பேருக்கு வருவது இவ்வகை. ஆண்களிடமும், இரைப்பையின் மேற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் இது மிகுதி.

இதனைக் கண்டறிவது எவ்வாறு? வளையக்கூடிய மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்தி இரைப்பையின் உட்சுவரைக் காணும் எண்டோஸ்கோப்பியே முதற்படி. குழிவிழுந்த புண்ணாகவோ, மேற்சவ்வு மூடிய மேடாகவோ நோய் தோன்றலாம். ஆனால் வைரஸ் உண்டா என்பதைத் தேர்ந்த கண்ணும் பார்த்த அளவில் உறுதி செய்ய இயலாது. எனவே பல இடங்களிலிருந்து, பொதுவாக 6 முதல் 8 வரை, சிறு சதைத் துணுக்குகள் எடுக்கப்படும். சதை எடுத்தால் நோய் பரவும் என அஞ்சி மறுப்போர் உளர், அவ்வச்சம் வேண்டா.

அத்துணுக்குகளை ஃபார்மலினில் இட்டு, நோய்க்குறியியல் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் காண்பர். புற்றணுக்களிடையே நிணநீரணுக்கள் திரண்டிருந்தால் ஐயம் எழும். வைரசின் 'எபர்' என்னும் ஆர்.என்.ஏ.வைத் தேடும் தனிச் சோதனையில், புற்றணுக்களின் உட்கருவில் நிறம் ஏறினால் ஐயம் தீரும். இரத்தச் சோதனை மட்டும் இதற்குப் போதாது. நலமுள்ளோர் இரத்தத்திலும் இவ்வைரஸ் தொற்றியதன் அடையாளம் இருக்குமன்றோ?

இவ்வாறு பிரித்தறிவதால் பயன் யாது? இவ்வகை நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவது ஒப்பளவில் குறைவு. முற்றிய நிலையிலும், நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய மருந்துகள் சிலருக்கு நற்பலன் தருகின்றன. ஆகவே வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேரின், அறிக்கையுடன் கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டுப் பெறுங்கள். விடுபட்ட சோதனையை அவற்றைக் கொண்டே பின்னர்ச் செய்யலாம்.

நீங்காத வயிற்றுவலி, பசியின்மை, காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குவதில் தடை, கரிய மலம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், வாயுத் தொல்லை என்று கைமருந்தில் நாள் கடத்தாது மருத்துவரை நாடுங்கள். சில நிமிடக் குழாய்ச் சோதனைக்கு அஞ்சி இழக்கும் மாதங்கள் திரும்பக் கிட்டா.