கட்டைவிரல் பரீக்ஷை

சேலையூரில் எங்கள் தெரு முனைக்குச் சித்திரை பிறந்ததும் ஒரு தள்ளுவண்டி வந்து நிற்கும். அதில் வைக்கோல் பரப்பி, மாம்பழங்களை வரிசையாக அடுக்கிவைத்து ஓர் அம்மாள் வியாபாரம் செய்கிறாள். சென்ற கோடையில் ஒரு நாள் மாலை, அந்த வண்டியண்டை நின்று, பரம்பரை வழக்கப்படி ஒவ்வொரு பழமாக எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது பழத்தை அமுக்கியதும் அந்த அம்மாளின் பொறுமை போய்விட்டது.

"சார், கண்ணாலே பாருங்க, மூக்காலே பாருங்க. கையாலே மட்டும் பார்க்காதீங்க. ஏழு பேர் அமுக்கின பழத்தை எட்டாவது ஆள் வாங்கமாட்டார். ராத்திரி அது என் தலையிலேதான் விடியும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அமுக்கிய நாலு பழங்களையும் மறுபேச்சில்லாமல் வாங்கினேன். என் கை படாத இரண்டை அந்த அம்மாளே பொறுக்கிப் போட்டாள். மூன்றாம் நாள் தோலைச் சீவியபோது விஷயம் அம்பலமாயிற்று. நாலு பழங்களிலும், நான் விரல் வைத்த இடத்தில், கன்றிப்போன பழுப்புத் திட்டு ஒன்று. மற்ற இரண்டும் பொன்னாக இருந்தன. "இது யாருடைய கைநாட்டு?" என்று என் மனைவி விசாரித்தாள். குற்றத்தை ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

விரல் பட்ட இடம் ஏன் கறுக்கிறது என்பது வாழைப்பூ நறுக்குகிற எந்த வீட்டிலும் தெரிந்த சமாசாரந்தான். நறுக்கிய பூவை உடனே மோரில் போடாவிட்டால் கறுத்துவிடும். பழத்தின் சதை கோடிக்கணக்கான நுண்ணிய அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறையிலும் துவர்ப்புச் சத்து ஒரு புறமும், அதைக் கறுக்கச் செய்யும் நொதி ஒரு புறமுமாகப் பிரிந்து கிடக்கின்றன. அடி பட்டு அறைச் சுவர்கள் உடைந்தால் இரண்டும் கலந்து, காற்றும் சேர்ந்து, கறை உண்டாகிவிடுகிறது. மோரின் புளிப்பு அந்த நொதியின் வேகத்தைத் தணிக்கிறது. ஆனால் பழத்துக்குள்ளே மோர் ஊற்ற முடியாதல்லவா?

கறையோடு போயிற்றா என்றால் இல்லை. பறித்த பழத்தைச் செத்த பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. மரத்தை விட்டுப் பிரிந்த பிறகும் அது சுவாசிக்கிறது. மரத்திலிருந்து இனி ஆகாரம் வராதாகையால், தன்னிடமுள்ள கையிருப்பைச் செலவழித்துத்தான் ஜீவிக்கிறது. பென்ஷன் இல்லாமல் ஓய்வு பெற்ற குமாஸ்தாவைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உஷ்ணம் 10 டிகிரி ஏறினால் இந்தச் செலவு இரண்டு மூன்று மடங்காகிறது. காயம் பட்டாலும் செலவு கூடுகிறது. அன்றியும், காயம் பட்ட பழம் எதிலீன் என்னும் வாயுவை அதிகமாக வெளியிடுகிறது. 1901-ல் ருஷ்ய தேசத்தில் நெல்யுபோவ் என்ற மாணவர், விளக்கெரிக்கும் வாயுவிலிருந்த எதிலீன்தான் தம் பட்டாணிச் செடிகளைக் கோணலாக வளரச் செய்கிறது என்று கண்டுபிடித்தார். பழங்களே அதை உற்பத்தி செய்கின்றன என்பதை 1934-ல் இங்கிலாந்தில் கேன் என்பவர் நிரூபித்தார். அதற்கு வெகு காலம் முன்பே நம் பாட்டிமார்கள் காய்களை அரிசிப் பானைக்குள் புதைத்து, அதே வாயுவை வெளியே போகவிடாமல் காரியம் சாதித்துக்கொண்டிருந்தார்கள். கூடையில் ஒரு பழம் நசுங்கினால் மற்றவையும் அவசரமாகப் பழுத்து விழுவதற்கும் இந்த வாயுதான் காரணம்.

இனி, வண்டிக்கு வந்து சேருமுன் பழம் படும் பாட்டைப் பார்ப்போம். கிருஷ்ணகிரித் தோப்பிலிருந்து சென்னைக்குச் சுமார் 250 கிலோமீட்டர். கிளையை உலுக்கிக் காயைத் தரையில் விழச் செய்தால், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பச்சைக் காய் கல்லைப் போல இருக்கும். அடி உள்ளே ஒளிந்திருந்து, பழுக்கும்போதுதான் வெளியே வரும். காம்பை ஒட்ட ஒடித்தால் பால் வழிந்து தோலைச் சுட்டுவிடும். ஆகையால் காம்போடு பறித்து, பிறகு கவிழ்த்து வைத்துப் பால் வடிய விடுகிறார்கள், விஷயம் தெரிந்த தோட்டக்காரர்கள். அப்புறம் லாரி, கோயம்பேடு, மறுபடி ஒரு சிறு வண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டுப் பள்ளங்கள்! ஒவ்வோர் இடத்திலும் ஏற்றுகிறவர் ஒருவர், எறிகிறவர் ஒருவர். கடைசியில் நான், என் கட்டைவிரலோடு.

இதனால் தேசத்துக்கு ஆகும் நஷ்டத்தை லூதியானாவிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தார் கணக்கிட்டு 2015-ல் வெளியிட்டார்கள். விளைந்த மாம்பழத்தில் நூற்றுக்கு 9 பங்குக்கு மேலும், கொய்யாவில் ஏறக்குறைய 16 பங்கும் வீணாகின்றனவாம். கொய்யாவுக்குத் தோல் மெல்லியது, அமுக்குகிறவர்களோ ஏராளம்.

"குளிர்சாதனப் பெட்டி இருக்கும்போது கவலை என்ன?" என்று சில நேயர்கள் கேட்கலாம். கவலை உண்டு. நம் பழங்கள் வெயில் நாட்டுப் பிள்ளைகள். வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்துப்போகும். பழுக்காத மாங்காயை அப்படி வைத்தால் பிற்பாடு ஒழுங்காகப் பழுக்கவே பழுக்காது. முதலில் வெளியில் பழுக்க வைத்து, நன்றாகப் பழுத்த பிறகு இரண்டொரு நாளைக்கு உள்ளே வைப்பதுதான் முறை. ஆப்பிளுக்குச் செய்கிற உபசாரத்தை மாம்பழத்துக்கும் செய்வது, விருந்தாளியின் ஊர் தெரியாமல் இலை போடுவதைப் போன்றது.

அவசரக்காரர்கள் சிலர் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்க வைக்கிறார்கள். தோல் மஞ்சளாகும், உள்ளே புளிப்பு மாறாது. அந்தக் கல்லில் ஆர்ஸெனிக் விஷத்தின் கலப்பும் இருக்கக்கூடும். சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. எதிலீன் வாயுவைக் காற்றில் பத்து லக்ஷத்தில் 100 பங்கு வரையில் செலுத்திப் பழுக்க வைக்க அனுமதி உண்டு.

இந்தக் கோடையில் மறுபடியும் அந்த வண்டிக்குப் போனேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, காம்படியை முகர்ந்து பார்த்தேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, "இன்னைக்குச் சாப்பிடவா, நாளன்னைக்கா சார்?" என்று கேட்டாள். இரண்டு நாளைக்கும் வேண்டும் என்றேன். தனித்தனியாக இரண்டு பைகளில், நடுவே வைக்கோல் வைத்துக் கொடுத்தாள்.