கண்காட்சியில் ஓடிய மெஷின் நம் வயலில் ஓடுமா?

கேள்வி: "மதுராந்தகம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் இருக்கிறது. ஒன்றரை ஏக்கரில் நெல், ஒரு ஏக்கரில் வேர்க்கடலை. களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. சென்னை நந்தம்பாக்கம் கண்காட்சிக்குப் போனபோது ஒரு பவர் வீடரை ஓட்டிக் காட்டினார்கள். 72,000 ரூபாய் மெஷின், கண்காட்சி விலை 61,000 என்றார்கள். 3,000 முன்பணம் கட்டிவிட்டோம். மீதிக்கு என் நகையை வைக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். மாமியாரோ, 'கண்காட்சியில் காட்டுவதெல்லாம் வேடிக்கை, நம்பாதே' என்கிறார். யார் சொல்வது சரி?" வாட்ஸ்அப்பில் ஒரு வாசகி.

பதில்: சகோதரி, நகையை இப்போது வைக்க வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். மாமியார் சொன்னதிலும் பாதிதான் சரி. நீங்கள் கேள்வி அனுப்பினீர்களே, அந்தப் போனின் தாத்தாவே கண்காட்சியில்தான் பேர் வாங்கியது. 1876ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் கிரகாம் பெல் தொலைபேசியைக் காட்டினார். பிரேசில் நாட்டு மன்னர் அதைக் காதில் வைத்துக் கேட்டு வியந்த பிறகுதான் ஊர் உலகம் திரும்பிப் பார்த்தது.

இந்த உலகக் கண்காட்சிகள் பெரிய அளவில் தொடங்கியது 1851ல், லண்டன் ஹைட் பார்க்கில். கண்ணாடியும் இரும்பும் கொண்டு ஒரு மாளிகையே கட்டினார்கள். ஐந்தரை மாதத்தில் 60 லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். இந்தியப் பகுதியில் கோஹினூர் வைரமும், அம்பாரி கட்டிய பாடம் செய்த யானையும் இருந்தன. கூட்டம் அங்கே மொய்த்தது. அமெரிக்கப் பகுதியில் மெக்கார்மிக் என்பவரின் கதிர் அறுக்கும் இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். லண்டன் டைம்ஸ் பத்திரிகை, பறக்கும் இயந்திரத்துக்கும் தள்ளுவண்டிக்கும் பிறந்தது போல இருக்கிறது என்று கேலி எழுதியது.

ஆனால் நடுவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஜூலை மாதம் அந்த இயந்திரத்தை எசெக்ஸ் பகுதியில் டிப்ட்ரீ என்ற இடத்திலிருந்த ஒரு பண்ணைக்குக் கொண்டுபோனார்கள். அன்று மழை. கோதுமை பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தது. நம்மூரில் அப்படிப்பட்ட நாளில் யாரும் அரிவாளைக் கையில் எடுக்க மாட்டார்கள். அந்த ஈரக் கோதுமையை அது அறுத்துப் போட்டது. கண்காட்சியின் மிக உயர்ந்த பதக்கம் அதற்குக் கிடைத்தது, கேலி செய்த பத்திரிகையும் பாராட்டியது. மாளிகைக்குள் நின்றபோது கோமாளியாகத் தெரிந்த மெஷினுக்கு வயலில் இறங்கிய பிறகுதான் மரியாதை வந்தது. இன்று தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் ஓடும் அறுவடை இயந்திரத்துக்கு அது கொள்ளுத் தாத்தா.

உங்கள் கிணற்று மேட்டையும் பாருங்கள். மோட்டார் பம்ப்செட் இருக்கிறதல்லவா? 1873ல் வியன்னா கண்காட்சியில் கிராம் என்பவர் வடிவமைத்த இரண்டு மின் இயந்திரங்களை நீளமான கம்பியால் இணைத்தார்கள். ஒன்றை என்ஜின் சுற்றி மின்சாரம் தந்தது. மற்றொன்று அந்த மின்சாரத்தில் சுழன்று, ஒரு பம்பை ஓட்டித் தண்ணீர் இறைத்துச் சின்ன அருவியாகக் கொட்டியது. மின்சாரத்தைக் கம்பி வழியே தூரத்துக்கு அனுப்பி வேலை வாங்கலாம் என்று மக்கள் கண்ணால் கண்ட இடம் அது. பைகாரா நீர்மின்சாரம் 1932ல் ஓடத் தொடங்கியபின் கோவைக் கிணறுகளில் மோட்டார் இறங்கியதற்கு வேர் அங்கே இருக்கிறது.

சோலார் பம்ப் புதுசு என்று நினைக்கிறோம். 1878ல் பாரிஸ் கண்காட்சியில் மூஷோ என்ற பிரெஞ்சுக் கணித ஆசிரியர், பெரிய புனல் போன்ற கண்ணாடியால் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கி, அந்தச் சூட்டைக் கொண்டே ஐஸ் கட்டி செய்து காட்டினார். தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். அப்புறம் நிலக்கரி மலிவாகக் கிடைக்க, அரசாங்கம் அவருக்குக் கொடுத்த உதவியை நிறுத்திவிட்டது. மெடல் வாங்கிய மெஷின் எல்லாம் உடனே ஊருக்கு வந்துவிடும் என்று சொல்ல முடியாது. இது வர நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

டீசல் என்ஜின் கதை உங்களுக்குப் பிடிக்கும். 1900ல் மறுபடியும் பாரிஸ். அங்கே வைத்திருந்த ஒரு சின்ன டீசல் என்ஜின் வேர்க்கடலை எண்ணெயில் ஓடியது. உங்கள் பக்கம் மல்லாட்டை என்பீர்களே, அதே கடலை. பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதால் செய்தார்கள். அவர்களுடைய ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை நிறைய விளைந்தது. என்ஜின் அவ்வளவு சீராக ஓடியதால், அது கடலை எண்ணெய் என்பதே பலருக்குத் தெரியவில்லை என்று ருடால்ப் டீசல் பின்னால் சொன்னார். (இதைப் படித்துவிட்டு உங்கள் என்ஜினில் கடலை எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். இன்றைய இன்ஜெக்டருக்கு அது கெட்டி. செக்கு எண்ணெய் விற்கிற விலைக்கு அது தாளிக்கத்தான் லாயக்கு.)

ஆக, கண்காட்சி வெறும் வேடிக்கை இல்லை. ஆனால் உங்கள் மாமியார் பயப்படுவதற்கும் நம் சென்னையிலேயே பழைய ஆதாரம் உண்டு.

போன மாதம் ஒரு கூட்டத்துக்காக நந்தனத்தில் இருக்கும் வேளாண்மைப் பொறியியல் துறைத் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தேன். முடிந்ததும் அண்ணா சாலை வழியாகச் சைதாப்பேட்டை வரை நடந்து, மறைமலை அடிகள் பாலத்தில் நின்று அடையாற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். கோவையில் வேளாண்மை படித்த எங்களுக்குச் சைதாப்பேட்டை பூர்வீக ஊர் மாதிரி. எங்கள் பல்கலைக்கழகம் தன் தொடக்கம் என்று சொல்வது 1868ல் இங்கே ஏற்பட்ட வேளாண் பள்ளியைத்தான். இப்போது பஸ் சத்தத்தில் நின்றுகொண்டு இங்கே ஏர் ஓடியது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

லண்டன் கண்காட்சியின் அலை சென்னைக்கும் வந்தது. அதே 1851ல் சென்னை அருங்காட்சியகம் தொடங்கியது. 1855ல் தென்னிந்திய விளைபொருள்களையும் கைவினைகளையும் வைத்துச் சென்னையிலேயே ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. பிறகு கவர்னராக வந்த சர் வில்லியம் டெனிசன் ஒரு படி மேலே போனார். இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, விதைக் கருவி, கதிரடிக்கும் மெஷின், தூற்றும் மெஷின் எல்லாம் வரவழைத்து விவசாயிகளுக்குக் காட்ட வேண்டும் என்றார். அதற்காக 1865ல் சைதாப்பேட்டையில் அரசுப் பண்ணை அமைத்தார்கள். நிரந்தரக் கண்காட்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மெஷின் சீமையில் செய்தது. அங்கே குதிரை பெரிது, வயல் பெரிது, நிலக்கரி வீட்டு வாசலில் கிடைக்கும். இங்கே மாடு சின்னது. ஐம்பது சென்ட் நிலத்தில் நீராவிக் கலப்பை திரும்பவே இடம் இருக்காது. ஒரு பல் உடைந்தால் கப்பலில்தான் வர வேண்டும். நம் ஆள் வைத்திருந்த மரக் கலப்பையோ தோளில் தூக்கிப் போகலாம், உடைந்தால் ஊர்த் தச்சர் அன்றைக்கே சரிசெய்து கொடுப்பார். நீராவிக் கலப்பை நம்மூரில் பரவவே இல்லை. அங்கே 1876ல் ஏற்பட்ட கல்லூரிதான் நிலைத்த பலன். அது 1906ல் கோவைக்குப் போய்ப் பெரிய மரமாக வளர்ந்தது.

1889ல் டாக்டர் வோல்க்கர் என்ற வேதியியல் நிபுணரை இந்திய விவசாயத்தை ஆராயச் சீமையிலிருந்து அனுப்பினார்கள். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1893ல் அவர் வெளியிட்ட அறிக்கை, திறமையான இந்திய விவசாயி சராசரி ஆங்கில விவசாயிக்குச் சளைத்தவர் இல்லை, சில விஷயங்களில் மேல் என்று சொன்னது. குறை உழுகிறவரிடம் இல்லை, அவருக்கு வசதிதான் இல்லை என்றார். அந்த அறிக்கையைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது.

சைதாப்பேட்டைக்கு நேர் எதிராக வேலை செய்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். அப்போது சேப்பாக்கத்தில் இருந்த பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். அவர் முதலில் நம்மிடம் இருந்ததை அளந்தார். இரண்டு மாடு கவலையில் எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது, ஆள் ஏற்றத்தில் எவ்வளவு இறைக்கிறார் என்று கணக்கெடுத்தார். (தெற்கே இதைக் கமலை என்பார்கள்.) அதன் பிறகு 1900களின் தொடக்கத்தில் ஆயில் என்ஜினையும் பம்பையும் செங்கல்பட்டுப் பக்கம் கிணற்றுக்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். இறைக்கிற தண்ணீருக்கும் எரிகிற எண்ணெய்க்கும் கணக்குப் போட்டுக் காட்டினார். என்ஜின் பம்ப் நம் கிணறுகளுக்கு வந்து நிலைத்தது. நீராவிக் கலப்பைக்கும் இதற்கும் இருந்த வித்தியாசம் அந்தக் கணக்குதான் என்பது என் எண்ணம்.

இதெல்லாம் பெரியவர்கள் கதை. நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆன சமயம். ஒரு கண்காட்சியில் நெல் நடவு இயந்திரம் ஓடுவதைப் பார்த்து மயங்கிவிட்டேன். என் சரகத்தில் ஒரு பெரியவர், மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் ஒரு மணி நேரம் பேசி வாங்க வைத்தேன். கடன் வாங்கித்தான் வாங்கினார். அவர் வயல் முழங்கால் சேறு. முதல் நாளே சக்கரம் புதைந்துவிட்டது. அந்த மெஷினுக்குப் பாய் நாற்றங்கால் போட வேண்டும். அதை அவருக்கு நான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. விற்றவர்கள் போனை எடுக்கவில்லை. ஆறு பேர் சேர்ந்து மெஷினை வரப்புக்கு இழுத்துப் போட்டோம். அவர் திட்டவில்லை. "தம்பி, அங்க சமமா இருந்த தரையில ஓடின வண்டி, என் சேத்துல எப்படி ஓடும்னு நீங்களாவது கேட்டிருக்கலாமே" என்றார். அந்தக் கடனை அடைக்க அவருக்கு மூன்று வருடம் ஆனது. அவர் வீட்டில் அதன் பிறகு எனக்குக் காபி கொடுத்தார்கள், ஆனால் என் பேச்சைக் கேட்டு எதுவும் வாங்கவில்லை.

இப்போது உங்கள் பவர் வீடருக்கு வருவோம். நீங்கள் பார்த்தது புழுதியில் ஓடும் ரகம் என்று புரிகிறது. தண்ணீர் நிற்கும் நெல் வயலில் அது உதவாது. நெல்லுக்கு வேண்டுமானால் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக, சதுரமாக நட்டுக் கோனோவீடர் ஓட்டலாம். கலைத்து நட்ட வயலில் அதுவும் போகாது.

வேர்க்கடலைக்கு வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் விட்டு விதைக்கச் சொல்கிறோம். சாதாரண பவர் வீடரின் சுழல் கத்தி அகலம் அதைவிட அதிகம். கத்தியைக் குறைத்து மாட்டினாலும் சக்கரம் செடியை மிதிக்கும். அதோடு விதைத்து 45 நாள் ஆனால் விழுது மண்ணில் இறங்கத் தொடங்கிவிடும், அப்புறம் மண்ணைக் கிளறவே கூடாது. ஆகவே உங்கள் ஒரு ஏக்கர் கடலையில் இந்த மெஷினுக்கு வேலை ஒரு பருவத்துக்கு இரண்டு முறைதான், அதுவும் உள்ளே நுழைந்தால். அதற்கு 61,000 அதிகம். கையால் தள்ளும் சக்கரக் களைக்கொத்தி இந்த இடைவெளிக்குப் போகும், விலையும் கம்மி. பருத்தி, மரவள்ளி, கரும்பு, வாழை என்று அகலமாக நடும் பயிர் வைத்திருந்தால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன்.

முன்பணம் கட்டியவர்களிடம், "எங்கள் வயலில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டுங்கள், ஓடினால் மீதிப் பணம், இல்லையென்றால் முன்பணம் திருப்பித் தாருங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். பக்கத்து டவுனில் உதிரி பாகமும் மெக்கானிக்கும் இருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். மானியம் வேண்டுமென்றால் வாங்குவதற்கு முன்பே வேளாண்மைப் பொறியியல் துறையில் பதிவு செய்ய வேண்டும். பெண் பேரில் நிலம் இருந்தாலோ சிறு, குறு விவசாயி சான்று இருந்தாலோ மானிய விகிதம் கூடும். வாங்கிவிட்டு ரசீதோடு போனால் அலைச்சல்தான். வாடகைக்கு என்ன மெஷின் கிடைக்கிறது என்று உழவன் செயலியிலும் உங்கள் கூட்டுறவுச் சங்கத்திலும் விசாரியுங்கள்.

வீட்டில் டேப் இருந்தால் நாளைக் காலை கடலை வரிசையை அளந்துவிட்டு, விற்பனையாளருக்குப் போன் போட்டுச் சுழல் கத்தியின் அகலம் எத்தனை சென்டிமீட்டர், சக்கரத்தோடு சேர்த்து எத்தனை என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். உங்கள் வரிசைக்குள் தாராளமாக நுழையும் அளவு என்று அவர்கள் சொன்னால், அந்த மாடலின் பெயரை எனக்கும் அனுப்புங்கள். நேரில் பார்க்க ஆசை.