ஊறுகாய் ஜாடியும் ஓர் ஆய்வுக்கூடமே!

(மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

“ஊறுகாய் போடுவதற்கும் பட்டப் படிப்பிற்கும் என்ன தொடர்பு?” என்று கேட்போர் உண்டு. நெருங்கிய தொடர்பு உண்டு என்பதே என் கருத்து. ஆய்வுக்கூடத்துக் குடுவையில் நாம் காணும் நுண்ணுயிர் வளர்ச்சியை, நம் பாட்டிமார் பீங்கான் ஜாடியில் நடத்திக் காட்டினர். அவ்வுயிர்களின் இலத்தீன் பெயர் அவர்களுக்குத் தெரியாது என்பதால் அது அறிவியல் அன்று என்று ஆகிவிடுமா?

முதலில் ஒரு மயக்கத்தைப் போக்கிக்கொள்வோம். ஊறுகாய் எல்லாம் புளித்த காய் அன்று. கடையில் விற்பவற்றுள் பல, எண்ணெயும் வினிகரும் சேர்த்துப் பதப்படுத்தப்பட்டவை. அங்கே புளிப்பு வெளியிலிருந்து ஊற்றப்படுகிறது. அளவான உப்பு நீரில் ஊறும் காயிலோ புளிப்பு உள்ளிருந்தே பிறக்கிறது. காயின் மேல் இயல்பாக வாழும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், காயிலுள்ள சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலமே தீய கிருமிகளை அண்டவிடாத காவற்காரன். உப்பை அள்ளிக் கொட்டினால் இந்த நல்ல உயிர்களும் அடங்கிவிடும்.

செய்முறை எளிது. அரைக் கிலோ காரட், முள்ளங்கி, முட்டைக்கோஸ் ஆகியவற்றைக் கழுவி நறுக்கிக் கண்ணாடி ஜாடியில் இடுக. காய்ச்சி ஆறிய அரை லிட்டர் நீரில் 30 கிராம் உப்பைக் கரைத்து ஊற்றுக. காய் நீருக்கு மேலே தலைகாட்டாதபடி சிறு கிண்ணத்தால் அழுத்துக. மூடியை இறுக்கலாகாது; கரியமில வாயு வெளியேற வழி வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து நாளில் புளிப்பேறும். பூஞ்சணம் பூத்தாலோ, அழுகல் நாற்றம் வீசினாலோ தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

இது நமக்கு மட்டும் உரிய கலையன்று. 1768இல் புறப்பட்ட கேப்டன் குக்கின் கப்பலில், ஸ்கர்வி நோயைத் தடுக்கும் நோக்குடன் புளித்த முட்டைக்கோஸ் ஏற்றப்பட்டது. கொரிய மக்கள் கூடிக் கிம்ச்சி போடும் வழக்கத்தை யுனெஸ்கோ 2013இல் மானுடத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. நாமோ ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டோம்!

குடல் நலத்திற்கு இது உதவுமா? 2021இல் வெளியான ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வொன்றில், பத்து வாரம் புளித்த உணவுகளை மிகுதியாக உண்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. உடலில் அழற்சியைக் காட்டும் புரதங்கள் பல குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 36 பேரே. அவர்களிலும் ஒரு பகுதியினரே புளித்த உணவுகளை உண்டவர்கள். எனவே “சர்வரோக நிவாரணி” என்று முழங்குவதும் தவறு. “பாட்டி வைத்தியம்” என்று எள்ளி நகையாடுவதும் தவறு. முன்னது அறிவை ஏமாற்றுகிறது; பின்னது அனுபவத்தை அவமதிக்கிறது.

அளவும் முக்கியம். நான் சொன்ன முறையில் ஊறிய 50 கிராம் காயில் ஏறத்தாழ ஒன்றரைக் கிராம் உப்பு இருக்கும். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ணலாகாது.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஜாடியைச் செய்முறை வகுப்பிற்குக் கொண்டு வாருங்கள். நாள்தோறும் அமிலத்தன்மையை வேதியியல் மாணவர் அளக்கட்டும். நுண்ணோக்கியில் உயிர்களை நாங்கள் காண்கிறோம். நண்பர்களே, கவர்ச்சியான புட்டியில் அடைத்துப் பெரும் விலைக்கு விற்கப்படும் ‘குடல் நலத்தை’ வாங்குமுன், உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் கைப்பக்குவம் ஏட்டில் எழுதப்படவில்லை. நாம் கற்றுக்கொள்ளாவிட்டால் அது அவர்களோடு மறைந்துவிடும். பிறகு நம் சொத்தையே நாம் விலை கொடுத்து வாங்க நேரிடும்.