தலை பெருத்த கடிதம்

பொள்ளாச்சிப் பக்கத்தில் தேங்காய் நார்க் கயிறு செய்து விற்கும் என் சிநேகிதர் ஒருவர், தம் கம்பெனிக்கென்று ஐயாயிரம் கடிதத் தாள்கள் அச்சடித்தார். முதல் தாளில் எனக்கே கடிதம் எழுதியிருந்தார். உறையைப் பிரித்ததும் கல்யாணப் பத்திரிகை என்றே எண்ணினேன். உச்சியில் கஜலக்ஷ்மி; இரு பக்கமும் யானைகள்; கம்பெனியின் பெயர் மூன்று வர்ணங்களில்; இடது ஓரம் நெடுகக் கயிறு போல் முறுக்கிய கொடி. கடிதம் எங்கே என்று தேடினேன். தாளின் கீழ்ப் பாதியில், ஒண்டுக் குடித்தனக்காரரைப் போல் ஒடுங்கிக்கொண்டு ஆறு வரிகள் இருந்தன.

யானைகள் நன்றாகவே இருந்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றுக்குத் தீனி போட்டது யார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

வடக்கே ஒரு வியாபாரி சிநேகிதருக்குப் பெரும் தொகை பாக்கி வைத்திருந்தார். விவரமாகக் கணக்கெழுதி அவருக்குக் கடிதம் போயிற்று. தலைப்பு பாதித் தாளை அடைத்துக்கொண்டபடியால், பாக்கித் தொகையும் பாங்கிக் கணக்கு எண்ணும் இரண்டாவது தாளுக்குத் தள்ளப்பட்டன. அந்தத் தாளிலோ கம்பெனியின் பெயருமில்லை, பக்க எண்ணுமில்லை. அந்தக் காரியாலயத்தில் அது எந்தக் கட்டுடன் சேர்ந்துபோயிற்றோ! முதல் தாளை மட்டும் கண்ட குமாஸ்தா, ஏதோ க்ஷேம விசாரணை என்று அதைக் கோப்பில் சேர்த்துவிட்டாராம். மூன்று மாதம் பணம் வரவில்லை. கயிறு திரிக்கும் பெண்களுக்குக் கூலி கொடுக்க, சிநேகிதரின் மனைவியுடைய வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

"இப்போது என்ன செய்யலாம், சொல்லும்!" என்று அவர் வந்து உட்கார்ந்தார். அளவுகோலை எடுத்துக்கொண்டு இருவரும் தாளை அளந்தோம்.

நாம் வழங்கும் ஏ-4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், உயரம் 297. மூன்றாக மடித்தால் ஒவ்வொரு மடிப்பும் 99 மில்லிமீட்டர். 220-க்கு 110 அளவுள்ள நீள உறையில் அது தாராளமாக நுழையும். இந்த அளவை 1922-ஆம் வருஷத்தில் நிர்ணயம் செய்தவர்கள் ஜெர்மானியர்கள். வியாபாரக் கடிதத்துக்கும் அவர்களிடம் ஒரு திட்டம் உண்டு. அதன்படி தலைப்புக்கு உரிய இடம் 27 மில்லிமீட்டர், மிஞ்சினால் 45. இடது ஓரத்தில் 25 மில்லிமீட்டர் வெறுமனே விட வேண்டும். கோப்பில் கோக்கத் துளை போடுகிறார்கள் அல்லவா? நம் சிநேகிதரின் தாளில் அந்தத் துளை ஒரு யானையின் தும்பிக்கையிலேயே விழுந்திருந்தது!

இத்தனையும் போட்டவர் போட வேண்டியதைப் போடாமல் விட்டிருந்தார். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 12-வது பிரிவு, கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக விலாசம், 21 எழுத்தும் எண்ணுமாகச் சேர்ந்த அடையாள எண், டெலிபோன், மின்னஞ்சல் முதலியவை வியாபாரக் கடிதங்களிலும் பில்களிலும் அச்சாகியிருக்க வேண்டும் என்கிறது. தவறினால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வீதம் லட்ச ரூபாய்வரை அபராதம். சிறு கம்பெனியானால் அதில் பாதிக்கு மேற்படாது. ஆடிட்டர் இதைச் சொன்னபோது சிநேகிதரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! சட்டம் கேட்பவற்றைச் சின்ன எழுத்தில் தாளின் அடியில் இரண்டே வரியில் அடக்கினோம். மேலே பெயரும் விலாசமும் மட்டும், ஒரே கரும்பச்சை வர்ணத்தில்.

கனத்த தாளுக்கும் அவருக்கு ஆசை இருந்தது. சதுர மீட்டருக்கு 80 கிராம் உள்ள தாளே போதும் என்றேன்; ஏ-4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு, ஆகவே ஒரு தாள் சரியாக 5 கிராம்; தபாலுக்கு எடை போடும் சிரமமே இல்லை.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் மாதிரித் தாளை ஒரு ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தோம். பிறகு கைப்பேசியில் படம் பிடித்து அவருடைய வயதான தாயாரிடம் காட்டினோம். இக்காலத்தில் கடிதத்தைத் தாளாகப் பார்ப்பவர் பாதி, படமாகப் பார்ப்பவர் பாதி. கண்ணாடி இல்லாமலே பெயரைப் படித்துவிட்ட அந்த அம்மாள், "லக்ஷ்மி எங்கேடா?" என்று கேட்டார். லக்ஷ்மியைக் காலண்டருக்கு மாற்றியிருப்பதாகச் சிநேகிதர் சமாதானம் சொன்னார்.

இரண்டாவது தாளுக்கும் தனியாக ஒரு தினுசு செய்தோம்: தலைப்பு இல்லை, மூலையில் கம்பெனியின் பெயர், அதன் பக்கத்தில் பக்க எண்ணுக்கு இடம். இந்தத் தடவை ஐந்நூறுதான் அச்சடித்தார்.

வடக்கத்தி வியாபாரிக்குப் புதுத் தாளில் மறுபடியும் எழுதினார். முதல் மடிப்பைத் திறந்தவுடனேயே பாக்கித் தொகை கண்ணில் பட்டது. பன்னிரண்டாம் நாள் பணம் வந்தது. வளையல்கள் திரும்பிவிட்டன. மீதியிருந்த யானைத் தாள்களின் பின்புறத்தில் அவருடைய பேரன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.