‘கடித்ததா?’ என்பது போதாத கேள்வி

ரேபிஸ் நோயை நாம் ‘வெறிநாய்க்கடி’ என்கிறோம். அதன் தடுப்பூசியை ‘நாய்க்கடி ஊசி’ என்கிறோம். இப்பெயர்களைக் கேட்பவர் மூன்று செய்திகளைத் தாமாகவே பெற்றுக்கொள்கிறார்: விலங்கு நாயாக இருக்க வேண்டும், அதற்கு வெறி பிடித்திருக்க வேண்டும், அது கடித்திருக்க வேண்டும். மருத்துவ நோக்கில் இம்மூன்றில் எதுவும் கட்டாயமில்லை.

பூனையும் இந்நோயைப் பரப்பக்கூடும். அறிகுறி தோன்றுவதற்குச் சில நாள்கள் முன்பே நாயின் உமிழ்நீரில் வைரஸ் வெளிப்படத் தொடங்கும். அப்போது அந்நாய் பார்வைக்கு இயல்பாகவே இருக்கும். விலங்குகள் பாதத்தை நக்குவதால் நகங்களிலும் உமிழ்நீர் படியலாம். எனவே கீறலும் தொற்றின் வாயிலாகிறது. கடியைவிட இதன் ஆபத்து குறைவே. ஆயினும் அறிகுறி தோன்றியபின் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை என்னும் நோயில் குறைந்த ஆபத்தையும் புறக்கணிக்க இயலாது.

இதனாலேயே உலக சுகாதார நிறுவனம் இரத்தம் வராத சிறு கீறலை இரண்டாம் வகையில் வைத்துத் தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறது. இரத்தம் கசிந்தால் அது மூன்றாம் வகை. தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். இந்தியாவின் தேசிய வழிகாட்டு நெறிகளும் இவ்வகைப்பாட்டையே பின்பற்றுகின்றன.

நடைமுறையிலோ நாம் கேட்கும் முதற்கேள்வி, ‘கடித்ததா?’ என்பதே. ‘இல்லை, நகம்தான் பட்டது’ என்று விடை வருகிறது. விடை உண்மையானது, பேச்சும் அத்துடன் முடிந்துவிடுகிறது.

மொழி சிந்தனையைச் சிறைப்படுத்துகிறது என்னும் பழைய வாதத்தை நான் இங்கே எழுப்பவில்லை. ஆங்கிலத்தில் ‘டாக் பைட்’ என்பவரும் இவ்விடத்தில் இடறக்கூடும். வழக்கிலுள்ள பெயரை மாற்றுவது எளிதன்று. கேள்வியை இன்றே மாற்றலாம். ‘பல்லோ நகமோ தோலில் பட்டதா? காயத்தில் எச்சில் பட்டதா?’ என்று கேட்போம். விடுதி அறிவிப்புப் பலகைகளிலும் வளாக மருத்துவ நிலையங்களிலும் இவ்வரிகளே இடம்பெற வேண்டும்.

இது வீண் அச்சத்தை வளர்க்கும் என்று சிலர் கூறலாம். உண்மையில் பலரைத் தயங்கவைப்பது வயிற்றைச் சுற்றிப் போடப்பட்ட பதினான்கு ஊசிகளின் நினைவு. அம்முறை கைவிடப்பட்டு ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகின்றன. இன்று தோலினுள் செலுத்தும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் மேற்கையில் போட்டுக்கொண்டால் போதும். அரசு மருத்துவமனைகளில் இது கட்டணமின்றிக் கிடைக்கிறது.

அதற்கும் முன்பாக, கீறிய இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, எண்ணெய் எதையும் தடவலாகாது.

வளாகத்து நாய்களுக்கும் பூனைகளுக்கும் அன்போடு உணவிடும் மாணவர்கள் பலர். அவர்களே அடிக்கடி கீறலுக்கு ஆளாகிறவர்கள். அவர்களிடம் இக்கேள்வியை முதலில் கொண்டுசேருங்கள்.