தமிழ் அடிக்க இங்கிலீஷ் எதுக்கு?



நம்மில் நிறைய பேர் போனில் எப்படித் தமிழ் அடிக்கிறோம்? இங்கிலீஷ் எழுத்தைத் தட்டுகிறோம், அது தமிழாக மாறி வருகிறது. சுலபம்தான். ஆனால் இந்தப் பழக்கம் நமக்கு நல்லதில்லை என்பது என் கருத்து.

பி, ஏ, எல், எல், ஐ என்று தட்டிப் பாருங்கள். பள்ளியும் வரலாம், பல்லியும் வரலாம். கவனிக்காமல் விட்டால் "நாளை பல்லிக்கு விடுமுறை" என்று போய்விடும்! ல, ள, ழ மூன்றுக்கும் இங்கிலீஷில் தனித்தனி எழுத்து கிடையாது. ண, ந, ன மூன்றுக்கும் அப்படித்தான். எது சரி என்று மெஷின் ஊகிக்கிறது, நாம் தலையாட்டுகிறோம். அப்புறம் பரீட்சைப் பேப்பரில் சிவப்பு மையால் சுழித்தால் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம்.

இதற்கு வழி எப்பவோ வந்தாச்சு. பெயர் தமிழ்99. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு அறிவித்த விசைப்பலகை இது. இடது கைப் பக்கம் உயிர் எழுத்துகள், வலது கைப் பக்கம் பெரும்பாலான மெய்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31 விசை தெரிந்தால் 247 எழுத்தும் நம் கையில். 'வாழை' வேண்டுமா? வ, ஆ, ழ, ஐ. நாலே தட்டு! 'அம்மா' என்றால் அ, ம, ம, ஆ. முதல் 'ம'வுக்குப் புள்ளி தானாகவே வந்துவிடும். முதல் வகுப்பில் உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் என்று படித்தோமே, அதே கணக்குதான்.

எங்க அம்மா இருக்கும் மகளிர் குழுவுக்கு ஒரு மனு அடிக்க வேண்டி இருந்தது. டவுனில் ஒரு கடையில் காசு கொடுத்து அடித்தார்கள். 'குழு' என்பது 'குளு' என்று வந்தது. எட்டாவது வரை படித்த அம்மாதான் அதைக் கண்டுபிடித்து, பேனாவால் திருத்திக் கொடுத்தார்கள். எழுத்து தெரிந்த அம்மாவால் அடிக்க முடியவில்லை. ஏன்னா கீபோர்டில் இருப்பது ஏ, பி, சி, டி. தமிழ் அடிக்க இங்கிலீஷ் தெரிந்திருக்கணும் என்றால் இது என்ன நியாயம்?

"இப்போ வாயால் சொன்னாலே போன் எழுதிடுமே" என்று சிலர் கேட்பீர்கள். சரிதான். ஆனால் அது எழுதியது சரியா தப்பா என்று பார்க்க நமக்கு எழுத்து தெரியணும் இல்லையா?

தமிழ்99-க்குக் காசு செலவு இல்லை. விண்டோஸ் 10-லேயே இருக்கிறது. போனுக்குச் செல்லினம் செயலி இருக்கிறது. முதலில் கை தடுமாறும், உண்மைதான். சைக்கிள் பழகும்போது விழாதவர் யார்?

தலைமை ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினி அறையில் இரண்டு கீபோர்டில் மட்டும் தமிழ் எழுத்து ஒட்ட அனுமதியுங்கள். வாரம் ஒரு பீரியட் கொடுங்கள். ஒட்டுவதற்கான சீட்டுகளை நானே எழுதித் தருகிறேன். நன்றாகப் பழகியபின், விருப்பப்பட்ட அம்மாக்களையும் ஒருநாள் கூப்பிடுவோம். அடுத்த மனுவை அவர்களே அடிக்கட்டும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி